கேனுக்குள் மூப்படையும் பெட்ரோல்

யாங்கூன் மாநகரத்தின் மேற்குப் பகுதியில் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள லான்மடாவ் வட்டாரத்தில், 2021ஆம் ஆண்டுக்குப் பின் சுழற்சி முறை மின்வெட்டு அன்றாட நடைமுறையாகிவிட்டதால், சிறு ஜெனரேட்டர்கள் கடைவாசல்களிலும் நடைபாதைகளிலும் நிலையான இடம் பிடித்துவிட்டன. மோட்டார் சைக்கிள்களுக்கு 2003 முதல் தடை விதித்திருக்கும் நகரம் அது என்பதால், தமிழ்நாட்டுத் தெருக்களில் இரு சக்கர வாகனங்கள் சந்திக்கும் எரிபொருள் தொல்லைகளை அங்கே பெரிதும் இந்த ஜெனரேட்டர்களே சந்திக்கின்றன. மின்சாரம் எப்போது போகும், பெட்ரோலுக்கு எப்போது தட்டுப்பாடு வரும் என்று தெரியாத ஊரில், கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வதே மக்களின் இயல்பு; அவ்வாறு வாங்கி வைத்த பெட்ரோல் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியும் அங்கே இயல்பாக எழுகிறது. ஆனால் பெட்ரோலின் வயதை நாள்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எத்தகைய கலத்தில், எவ்வளவு காற்றோடு, எந்த வெப்பத்தில் இருந்தது என்பதும், அந்தப் பெட்ரோல் எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

பெட்ரோல் ஒற்றைப் பொருள் அன்று. நான்கு முதல் பன்னிரண்டு வரை கரி அணுக்களைக் கொண்ட, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த திரவம் அது. இவற்றுள் இலேசானவை அறை வெப்பத்திலேயே ஆவியாகத் துடிப்பவை. கனமானவையோ 200 டிகிரி செல்சியசை நெருங்கினால்தான் கொதிக்கும். எஞ்சினுக்குள் தீப்பொறி பற்றுவது திரவத்தை அன்று, காற்றோடு கலந்த ஆவியை என்பதால், குளிர்ந்திருக்கும் எஞ்சின் முதல் இழுப்பிலேயே உயிர்பெறுவதற்குப் பியூட்டேன், பென்டேன் போன்ற இலேசான பகுதிகளே பொறுப்பு. மூப்பு முதலில் கைவைப்பதும் இவற்றின்மீதுதான்.

நேர்ச்சங்கிலிப் பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கிறது, அதன் கிளைத்த வடிவமான ஐசோபென்டேன் 28 டிகிரியிலேயே கொதிக்கிறது; யாங்கூனின் ஏப்ரல் மாதப் பிற்பகலோ 37 டிகிரியை எளிதாகத் தொடுகிறது. கலவைக்குள் இருக்கும்போது இவை தனித்துக் கொதித்துவிடுவதில்லை என்றாலும், மூடி தளர்ந்த கேனிலிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. இதற்குக் கலத்தின் மூச்சும் துணைபோகிறது. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவதால், 20 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேல் பருமன் கூடுகிறது. அது மேலே உள்ள ஆவியைப் பகலில் வெளியே தள்ள, இரவில் திரவம் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. பாதி காலியான கேனில் காற்றுக்கும் ஆவிக்கும் இடம் மிகுதி என்பதால் இந்த மூச்சும் பெரிதாகிறது. இப்படிச் சில மாதங்களைக் கழித்த பெட்ரோலின் அளவு பெரிதாகக் குறைந்திருக்காது. ஆனால் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஜெனரேட்டர் எழ மறுக்கும்.

இரண்டாவது மாற்றம் இதைவிட நுட்பமானது, கெடுதலும் கூடியது. பெட்ரோலில் உள்ள ஒலிஃபின்கள், அதாவது கரி அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு கொண்ட மூலக்கூறுகள், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பெராக்சைடுகளாகின்றன. ஒரு மூலக்கூறு அடுத்ததைத் தூண்டும் தொடர்வினையாக இது நடப்பதால், தொடக்கத்தில் வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பின்னர் வேகம் பிடித்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மஞ்சளும் பழுப்புமான பிசினாக மாறுகின்றன. பெராக்சைடுகள் வேறொரு வகையிலும் தீயவை: சிலிண்டருக்குள் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன் தானாக வெடித்துத் தட்டும் ‘நாக்கிங்’ என்ற கோளாறை எதிர்க்கும் திறனை, அதாவது ஆக்டேன் எண்ணை, அவை குறைக்கின்றன. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. குளிர்நாட்டுக் கையேடு ஒன்றில் அச்சிட்ட சேமிப்புக் காலத்தை யாங்கூனிலோ சென்னையிலோ அப்படியே நம்புவது சரியன்று.

இந்தப் பிசின் தொல்லை பெட்ரோலோடு கூடவே பிறந்ததும் அன்று. பர்மாவின் யெனஞ்சாங் வயல்களிலிருந்து வந்த கச்சா எண்ணெயை யாங்கூனுக்கு எதிர்ப்புறம் உள்ள சிரியத்தில், இன்றைய தான்லின்னில், பர்மா எண்ணெய்க் கம்பெனி சுத்திகரித்த தொடக்க காலத்தில், விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயே முதன்மைச் சரக்கு. பெட்ரோல் அதன் உடன்விளைவு. எளிய முறையில் காய்ச்சி வடித்த அதில் இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் மிகக் குறைவு. மோட்டார் வாகனங்கள் பெருகியபின் வடித்தெடுத்த பெட்ரோல் போதாமல்போக, கனமான எண்ணெயை வெப்பத்தால் உடைத்துப் பெட்ரோலாக்கும் பிளப்பு முறையை அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் 1913இல் தொழிலாக்கினார். பெட்ரோல் பெருகியது, கூடவே ஒலிஃபின்களும் பெருகின, பிசினும் வந்து சேர்ந்தது. அதை அடக்கவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் எனப்படும் பீனால், அமீன் வகைச் சேர்மங்களை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கலக்கும் வழக்கம் உண்டாயிற்று. இவை தொடர்வினையை இடையில் அறுப்பதற்காகத் தம்மையே பலிகொடுப்பவை. எனவே சேர்த்த தடுப்பான் தீர்ந்த நாளிலிருந்து பெட்ரோல் காப்பற்றதாகிவிடுகிறது.

இன்று மியான்மரில் விற்கப்படும் 92, 95 ஆக்டேன் பெட்ரோலின் பெரும்பகுதி சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வந்து, யாங்கூன் ஆற்றின் திலாவா துறைமுகத் தொட்டிகளில் இறங்குகிறது. சுத்திகரிப்பாலை, கப்பல், துறைமுகத் தொட்டி, டேங்கர் லாரி, பங்கின் நிலத்தடித் தொட்டி என்று ஒவ்வோரிடத்திலும் சில நாள்களைக் கழித்த பிறகே அது லான்மடாவ் கடைக்காரரின் கேனுக்குள் இறங்குகிறது என்பதால், வாங்கிய நாளைப் பெட்ரோலின் பிறந்த நாளாகக் கொள்ள இயலாது.

எரிபொருள் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைச் சோதனைச்சாலையில் முன்கூட்டியே மதிப்பிடும் முறை உண்டு. உறுதியான உலோகக் கலத்தில் பெட்ரோலை அடைத்து, வளிமண்டலத்தைப் போல் ஏழு மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றி, 100 டிகிரி வெப்பத்தில் வைத்து, அழுத்தம் சரியத் தொடங்கும் வரை காத்திருக்கிறார்கள். அழுத்தம் சரிந்தால் பெட்ரோல் ஆக்சிஜனை விழுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அமெரிக்கத் தரவரையறை இந்தக் காத்திருப்புக் காலம் குறைந்தது 240 நிமிடம் என்கிறது. ஐரோப்பிய வரையறை 360 நிமிடம் கேட்கிறது. மற்றொரு சோதனையில் 100 மில்லிலிட்டர் பெட்ரோலைச் சூடான காற்றில் ஆவியாக்கி, எஞ்சும் பிசினைக் கரைப்பானில் கழுவி நிறுக்கிறார்கள். அது 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

ஐந்து மில்லிகிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். அது அற்பம் அன்று என்பதைக் காட்டுவது கார்புரேட்டர். ஜெனரேட்டரின் கார்புரேட்டருக்கு அடியில், மிதவையோடு கூடிய ஒரு கிண்ணம் இருக்கிறது; அதில் சுமார் 50 மில்லிலிட்டர் பெட்ரோல் நிற்கும் என்று கொள்ளலாம். அங்கிருந்து ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியாக எரிபொருள் மேலேறிக் காற்றோடு கலக்கிறது. குறைந்த வேகத்தில் ஓடுவதற்கான ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறுகியது. எஞ்சினை நிறுத்தியதும், அதன் உடற்சூடு கிண்ணத்தில் இறங்கி, இலேசான பகுதிகளைக் காற்றுத்துளை வழியே வெளியேற்றுகிறது. அடுத்த சில வாரங்களில் கிண்ணம் காய்ந்துவிடுகிறது. வரையறைக்குள் இருக்கும் பெட்ரோலே ஒருமுறை காய்ந்தால் இரண்டரை மில்லிகிராம் வரை பிசினை விட்டுச்செல்லலாம். மூப்படைந்த பெட்ரோல் அதைப் போல் பல மடங்கு விட்டுச்செல்லும். பித்தளையில் உள்ள செம்பு ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும் ஊக்கி என்பதால், மிகக் குறுகலான இடத்திலேயே வினையும் மிகுதியாக நடக்கிறது. தொட்டியில் உள்ள பல லிட்டர் நலமாக இருக்க, கிண்ணத்தில் உள்ள ஐம்பது மில்லிலிட்டர் எஞ்சினை முடக்கிவிடும்.

அரைகுறையாக அடைத்த ஜெட் ஒரு வினோதமான நோயைத் தருகிறது. எரிபொருள் போதாமல் எஞ்சின் வேகம் குறைகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான கவர்னர் அதை உணர்ந்து கார்புரேட்டரின் கதவைத் திறக்கிறது. பெரிய ஜெட்டிலிருந்து எரிபொருள் பாய்ந்ததும் வேகம் எகிறுகிறது. கவர்னர் மறுபடி கதவைச் சாத்துகிறது. ஜெனரேட்டரின் ஓசை ஏறி இறங்கி ஏறுவதும், அதனோடு இணைத்த விளக்குகள் பிரகாசித்து மங்குவதும் இதனால்தான். மெக்கானிக்குகள் ‘ஹன்டிங்’ என்று சொல்லும் இக்கோளாற்றுக்கு, சோக்கைப் பாதி இழுத்துவைத்து ஓட்டுவது தற்காலிக வைத்தியம். ஜெட்டைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றூதிச் சுத்தம் செய்வதே சரியான வைத்தியம். கம்பியால் குத்துவது துளையின் அளவையே மாற்றிவிடும்.

நீரும் ஒரு பகை. மே முதல் அக்டோபர் வரை நீடிக்கும் யாங்கூனின் மழைக்காலத்தில், கேன் இரவில் உள்ளிழுக்கும் காற்று ஈரம் மிகுந்தது. அந்த ஈரம் கலத்தின் சுவரில் குளிர்ந்து வடிகிறது. சாதாரணப் பெட்ரோலில் நீர் ஏறத்தாழக் கரைவதே இல்லை. கனமானது என்பதால் அடியில் தங்கி, ஜெட் உறிஞ்சும்போது முதல் ஆளாக வந்து நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோலின் நடத்தை வேறு. எத்தனால் நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும்; ஆனால் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் அரை விழுக்காட்டை நெருங்கினால், அதாவது 20 லிட்டருக்கு 100 மில்லிலிட்டர் அளவை எட்டினால், எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கிவிடுகின்றன. மேலே நிற்கும் பெட்ரோலுக்கு எத்தனால் தந்திருந்த ஆக்டேன் உயர்வு போய்விடுகிறது. கீழே நிற்பதோ கார்புரேட்டரின் துத்தநாகக் கலவையை அரிக்கிறது. இந்தியாவில் 2014இல் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த எத்தனால் கலப்பு 2025இல் இருபது விழுக்காட்டை எட்டிவிட்டதால், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வாகனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் தமிழ்நாட்டு வாசகர்களும்தான். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை கொண்ட புதிய கார்களில் தொட்டி முதல் இன்ஜெக்டர் வரை பாதை வெளிக்காற்று புகாமல் மூடியிருப்பதால் மூப்பு மெதுவாகிறது, நின்றுவிடுவதில்லை.

விமானத்துக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. 1941 டிசம்பரில் யாங்கூனின் மிங்கலாடான் விமானத்தளத்திலிருந்து ஜப்பானிய விமானங்களை எதிர்த்துப் பறந்த அமெரிக்கத் தன்னார்வப் படையின் பி-40 போர்விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் தேவைப்பட்டது.

இன்றும் பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களுக்குரிய 100எல்எல் எரிபொருள், தரையில் ஓடும் வாகனங்களின் பெட்ரோலிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பிளப்பு முறைப் பெட்ரோலுக்குப் பதில், ஒலிஃபின் இல்லாத ஆல்கைலேட் என்ற கிளைத்த ஹைட்ரோகார்பன் கலவையே அதன் முதுகெலும்பு. எனவே பிசின் உருவாவது மிகக் குறைவு. அதன் ஆவியழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. மேலேற மேலேற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மிகுதியாக ஆவியாகும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே குமிழியாகி எஞ்சினைப் பட்டினி போடும் என்பதே காரணம். ஆக்டேனை உயர்த்த இன்னமும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் டெட்ராஎத்தில் வடிவில் சேர்க்கப்படுகிறது. இந்தச் சேர்மம் வெயிலில் சிதைந்து திரவத்தைக் கலங்கச் செய்வது என்பதால், விமானப் பெட்ரோலைக் கண்ணாடிக் கலத்தில் வெளிச்சத்தில் வைத்தல் ஆகாது. ஈயமற்ற மாற்று எரிபொருள் ஒன்றுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2022இல் ஒப்புதல் அளித்தது. மாற்றம் இன்னும் முழுமையடையவில்லை.

வாகனப் பெட்ரோலைச் சில சிறு விமானங்களில் பயன்படுத்த அமெரிக்காவில் 1982 முதல் அனுமதி உண்டு, எத்தனால் கலவாதிருந்தால் மட்டும். ஆனால் அந்த அனுமதியைப் பயன்படுத்தும் விமானி, பல மாதங்கள் நின்ற விமானத்தின் தொட்டியில் இலேசான பகுதிகளை இழந்த, பிசின் தொடங்கிய பெட்ரோலே இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் இறக்கைத் தொட்டியின் அடிப்புள்ளியிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் எரிபொருளை வடித்து, அடியில் நீர்த்துளி உருள்கிறதா, 100எல்எல்லுக்குரிய நீலம் மாறாமல் இருக்கிறதா என்று ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது விமானிகளின் கட்டாயப் பழக்கம்.

அதே பழக்கத்தின் எளிய வடிவம் லான்மடாவுக்கும் பொருந்தும். பெட்ரோலை எரிபொருளுக்கென்றே செய்த கேனில், விரிவதற்குச் சிறிது இடம்விட்டு, ஏறத்தாழ முழுக்க நிரப்பி, வாங்கிய தேதியைக் கேனில் எழுதி, வெயிலும் நெருப்பும் அண்டாத, ஆட்கள் புழங்கும் படிக்கட்டுக்கும் படுக்கும் அறைக்கும் விலகிய இடத்தில் வைக்க வேண்டும். மியான்மரின் சாலையோரங்களில் பெட்ரோல் விற்க வழக்கமாகப் பயன்படும் குடிநீர் பாட்டில்கள் இதற்கு ஆகா. பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்று தெரிந்த ஜெனரேட்டரில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணம் வற்றி எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட வேண்டும். புளித்த வார்னிஷ் வாசனை வீசும், நிறம் கறுத்த பெட்ரோலைச் சாக்கடையிலோ ஆற்றிலோ ஊற்றாமல், பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கேட்டு ஒப்படைப்பது நலம். கடைகளில் விற்கும் பெட்ரோல் நிலைப்படுத்தும் திரவங்கள், வாங்கிய அன்றே கலந்தால் மூப்பைத் தள்ளிப்போடும். வாசனை மாறிய பிறகு கலந்தால், உருவாகிவிட்ட பிசினைக் கரைக்கவோ போன ஆவியைத் திரும்பக் கொண்டுவரவோ அவற்றால் இயலாது.