கரிமூட்டமும் ஹிட்டாச்சியும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் சீமைக்கருவை வெட்டப் போனவர்கள் கையில் அன்று இருந்தது அரிவாள், கோடாரி, கடப்பாரை, கூடவே ஒரு கவைக்கம்பு. முள் கிளையைக் கவையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து அடிமரத்தை வெட்ட வேண்டும். காலில் முள் ஏறாமல் ஒருநாள்கூடக் கழியாது. முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் பாதம் வீங்கி, இரண்டு நாள் கூலி போகும்.

அந்த மரம் இங்கே பிறந்ததல்ல. சென்னை மாகாண வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1877-ல் ஜமைக்காவிலிருந்து அதன் விதை வந்தது. வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கட்டும் என்பதே நோக்கம். மழை பொய்த்த ராமநாதபுரத்தில் அது உண்மையிலேயே சோறு போட்டது. இதைச் சொல்லாமல் கருவையைத் திட்டுவது நியாயமில்லை.

வெட்டிய கருவையைக் கரியாக்கும் கரிமூட்டத்தைக் கிட்டே நின்று பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். கட்டைகளைக் காயவைத்து, கோபுரம்போல் நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். பிறகு நாள்கணக்கில் காவல். மண் வெடித்த இடத்தில் காற்று புகுந்தால் உள்ளே இருப்பது கரியாகாது, சாம்பலாகிவிடும். அதனால் இரவிலும் எழுந்து வெடிப்பை அடைக்க வேண்டும். புகையின் நிறத்தைப் பார்த்தே மூட்டம் வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். மரத்தை வெட்டும்போது அடித்தூரை விட்டுவைப்பார்கள்; சில ஆண்டுகளில் அது மறுபடி தழைத்து நிற்கும். அவர்களுக்கு அது வெள்ளாமை.

இன்றைய தேவை நேர்மாறானது. மரம் மறுபடி வரவே கூடாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு தென்மாவட்டக் கண்மாய்களில் ஜேசிபியும் ஹிட்டாச்சியும் இறங்கின. 2022-ல் தமிழக அரசு ஆக்கிரமிப்பு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆட்கள் பல நாள் வெட்டும் பரப்பை எந்திரம் ஒரே பொழுதில் வெளியாக்கிவிடுகிறது. முள் குத்தாத வேலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெளிநாடுகளில் இதற்கென்றே மல்ச்சர் எந்திரங்கள் இருக்கின்றன. கடின உலோகப் பற்கள் பதித்த உருளை வேகமாகச் சுழன்று, நிற்கும் மரத்தை உச்சியிலிருந்து அடிவரை துகளாக்கும். ரோட்டவேட்டர் மண்ணுக்குச் செய்வதை இது மரத்துக்குச் செய்கிறது. பறக்கும் துண்டுகளிலிருந்து ஓட்டுநரைக் காக்கக் கம்பிக்கூண்டு, ரேடியேட்டர் தூசியில் அடைபடாதிருக்கத் தனி வலை என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள். துகள் மண்ணை மூடி ஈரம் காக்கும். உச்சிப்புளியின் மணற்பாங்கான தென்னந்தோப்புகளுக்கு அது நல்ல மூடாக்கு. ஆனால் நெத்து பழுத்த பிறகு அரைத்தால், தப்பிய விதைகளும் துகளோடு தோப்புக்குள் போகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மண்ணுக்குள் இருக்கிறது. கருவையின் மறுதளிர் மொட்டுகள் நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூரில் உறங்குகின்றன. மேலே எவ்வளவு பொடியாக்கினாலும் ஒரு மழை போதும், கொத்தாகக் கிளைத்து முன்னைவிட அடர்த்தியாக வரும். டெக்சாஸில் இதே பேரினத்து மெஸ்கீட் மரத்தோடு மல்லுக்கட்டிய பண்ணைக்காரர்கள், சங்கிலிச்சக்கர டிராக்டரின் பின்னால் அகன்ற இரும்புத் தகட்டைப் பூட்டி, ஏறத்தாழ ஓரடி ஆழத்தில் வேரை அறுக்கும் கலப்பையைச் செய்துகொண்டது இதனால்தான்.

இங்கே பல இடங்களில் பக்கெட்டால் மரத்தை முறித்துப் போட்டுவிட்டு எந்திரம் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. மணிக்கணக்கு வாடகை ஓடுவதால் தூரைத் தோண்டி எடுக்கப் பொறுமை இல்லை. எந்தத் தூர் செத்தது, எது துளிர்க்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் கரிமூட்டக்காரர்கள். எந்திரத்தால் பிழைப்புப் போனவர்களும் அவர்களேதான். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே, அடுத்த இரண்டு மழைக்கும் துளிரையும் கன்றையும் வேரோடு பிடுங்கும் கூலியைச் சேர்த்து எழுதி, அந்த வேலையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.