கல்லும் கையும்: மாமல்லபுரத்தில் ஒரு நாள்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மாமல்லபுரத்தைப் பார்க்காமலே திரும்புகிறார்கள் என்று சொன்னால் நேயர்கள் சிரிக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுதான். சென்னைக்குத் தெற்கே சுமார் 55 கிலோ மீட்டர். காலையில் புறப்பட்டு, கடற்கரைக் கோயிலின் முன் ஒரு படம், ரதத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடுகிறார்கள். அவசரக்காரர்களிடம் அந்த ஊர் வாய் திறப்பதில்லை. ஒரு முழு நாளை ஒதுக்கி, நிதானமாக நடப்பவர்களுக்கே அது தன் ரகசியத்தைச் சொல்லும்.

காலை இளவெயிலில் கடற்கரைக் கோயிலிலிருந்து தொடங்குவது உசிதம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கற்களை அடுக்கி எழுப்பிய ஆலயம் இது. சிவபெருமானுக்கு இரண்டு சந்நிதிகள். நடுவே பள்ளி கொண்ட திருமால். மதில்மேல் வரிசையாய் அமர்ந்திருக்கும் நந்திகளின் முகங்களை உப்புக் காற்று அரித்து மழுக்கியிருக்கிறது. 1984-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவ்வூர்ச் சின்னங்களை உலகப் பாரம்பரியச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் காற்றுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும். அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அங்கிருந்து ஊருக்குள் வந்தால், சுமார் 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ள பெரும் பாறைச் சிற்பம் நம்மை நிறுத்திவிடும். அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று பண்டிதர்கள் வாதம் செய்யட்டும். குழந்தைகள் நேரே யானைக்கடியில் இருக்கும் பூனையிடம் போய்விடுவார்கள். நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, பரம பக்தனைப்போல் தவம் செய்கிறது அந்தப் பூனை. அதன் காலடியில் எலிகள்! கனமான கருங்கல்லில் நகைச்சுவையைச் செதுக்கிய அந்தச் சிற்பி மகா ரஸிகனாய் இருந்திருக்க வேண்டும்.

வெயில் தணிந்த பின் ஐந்து ரதங்களைக் காணலாம். இவை கட்டப்பட்டவை அல்ல; நின்ற பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தவை. திரௌபதி ரதம் நம் கிராமத்துக் கூரைக் குடிசையைப்போலவே இருக்கிறது. கட்டடத்தில் தவறு நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்து வேறொன்றை வைக்கலாம். இங்கோ எடுக்கத்தான் வழியுண்டு, சேர்க்க வழியில்லை. சில ரதங்களின் கீழ்ப்பகுதி முடிவு பெறாமலே நிற்கிறது. உளி எந்த இடத்தில் ஓய்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

ஆனால் உளி உண்மையில் ஓயவில்லை. ரதங்களுக்குப் போகும் வீதியின் இருமருங்கும் சிற்பக் கூடங்கள்தாம். 1957-இல் இவ்வூரில் அரசாங்கச் சிற்பப் பள்ளி தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அதன் தலைமையை வகித்த கணபதி ஸ்தபதியார்தான், 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கியவர். மாமல்லபுரத்துக் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கூடத்தில் சற்று உட்கார்ந்து பாருங்கள். முதலில் கல்லைத் தட்டிக் கேட்கிறார்கள். வெண்கல மணிபோல் கணீரென்று ஒலித்தால் ஆண் கல். மென்மையாய் ஒலித்தால் பெண் கல். ஒலி எழாதது சிலைக்கு உதவாது. பிறகு காவியால் கோடு கிழித்து அளவு குறிக்கிறார்கள். முகத்தின் நீளந்தான் அளவுகோல். அதைப்போல் ஒன்பது மடங்கானால் நவதாலம், பத்து மடங்கானால் தசதாலம்.

நான் போயிருந்த கூடத்தில் உளியோசையைவிட மின்சார இயந்திரத்தின் இரைச்சலே அதிகமாயிருந்தது. வெண்புகைபோல் தூசி எழும்பிற்று. கருங்கல்லில் ஸிலிகா என்னும் பொருள் கலந்திருக்கிறது. அதன் நுண்துகள் நாள்தோறும் நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் இறுகிப்போகும். அந்த நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை.

"தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்குமே, ஐயா!" என்றேன்.

வயதான சிற்பி இயந்திரத்தை நிறுத்தினார். "அடங்கும், ஸார். ஆனால் போட்ட கோடு அழிந்துபோகும். மறுபடி போட வேண்டும். ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?" என்றார்.

அதே சமயத்தில் வாசலில் ஒருவர், சிறிய பிள்ளையார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி விலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மகேந்திரனையும் மாமல்லனையும் பற்றிப் பெருமை பேச நமக்கு நாவு வலிப்பதில்லை. அவர்கள் வளர்த்த கலை இன்று நம் கண்ணெதிரே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மூச்சின் விலை, ஒரு சிலைக்கு நாம் கொடுக்க மறுக்கும் அரை நாள் கூலி. ஆகவே நேயர்களே, அடுத்த முறை மாமல்லபுரம் போனால், சிற்பக் கூடத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். விலையைக் கேட்பதற்கு முன், இதைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். நீர் விட்டு அறுத்த கல்லா என்றும் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் கூடங்களின் வழக்கமும் மாறும். பிறகு நியாயமான விலை கொடுத்து, ஒரு சிறு பிள்ளையாரையாவது வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.