ஊரையே ஏசிய பத்திரிகை மீது வழக்குப் போடலாமா?

“இங்கே பிழைக்க வந்த தமிழர்கள் எல்லோரும் திருடர்கள்” என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். படித்தவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். “கோர்ட்டுக்கு இழுப்போம்” என்று டீக்கடையில் பேச்சு எழும்.

இழுக்க முடியுமா? வக்கீல் பீசுக்கு வசூல் செய்யும் முன் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் மீது பட்டது?

தனி மனிதரை மட்டும் அல்ல, ஒரு கூட்டத்தாரை அவதூறு செய்வதும் குற்றமாகலாம் என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. 2 ஆண்டு வரை வெறுங்காவல் தண்டனை விதிக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கூட்டத்தார் இன்னார் இன்னார் என்று அடையாளம் காட்டக் கூடியவர்களாக இருக்க வேண்டும். வழக்குப் போடுகிறவர், அந்தப் பழி தன் மீதும் விழுந்தது என்று காட்ட வேண்டும்.

வென்றதும் தோற்றதும்

உத்தரப்பிரதேசத்தில் அலிகார் நகரின் அரசு வக்கீல்களைப் பழித்து ‘கலியுக்’ என்ற ஏடு எழுதியது. அவர்கள் ஒரு சிலரே. ஆகவே வழக்கு நின்றது. ஆசிரியர் குற்றவாளி என்பதை 1965-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது.

1971-ல் சேலத்தில் திராவிடர் கழக மாநாடு நடந்தது. அதன் தீர்மானத்தைத் திரித்து வெளியிட்டதாக ‘இந்து’ உள்ளிட்ட ஏடுகள் மீது வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடர்ந்தார். மாநாட்டுக்கு வந்த கூட்டம் வரையறுக்க முடியாதது என்று கூறி, 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கைத் தள்ளியது.

நடிகை குஷ்பு 2005-ல் பத்திரிகைக்குக் கூறிய கருத்து தமிழ்ப் பெண்களை இழிவுபடுத்தியதாக 23 வழக்குகள் குவிந்தன. 2010-ல் அத்தனையும் ரத்தாயின. குறிப்பிட்ட யாரையும் அவர் சுட்டவில்லை என்பதே காரணம்.

வேறு வழி

மொத்தத் தமிழரையும் ஏசினால் அவதூறு வழக்கு நிற்பது கடினம். ஆனால் மொழி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றின் பேரில் பகைமூட்டி எழுதினால் 196-வது பிரிவு பாயும். அதற்குப் போலீசில் புகார் செய்யலாம். கோர்ட்டு விசாரணைக்கு அரசின் அனுமதி தேவை.

பிரஸ் கவுன்சிலுக்கும் எழுதலாம். முதலில் ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். நாளேடு என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். கவுன்சில் கண்டிக்கலாம், சிறைக்கு அனுப்ப முடியாது.

மாறாக, “இன்ன மார்க்கெட்டின் பத்துத் தமிழ்க் கடைக்காரர்களும் எடையில் ஏமாற்றுகிறார்கள்” என்று எழுதினால், அந்தப் பத்துப் பேரில் ஒவ்வொருவரும் கோர்ட்டுப் படி ஏறலாம். நஷ்டஈடு கேட்க ஓராண்டு, குற்ற வழக்குக்கு 3 ஆண்டு கெடு.

எந்த வழியானாலும், ஆத்திரத்தில் அந்தப் பத்திரிகையைக் கிழித்தெறியாமல், தேதியோடு பத்திரப்படுத்துவதே முதல் வேலை.