வாய்ச்சொல் போகும், ரசீது நிற்கும்

ஒரு காசு நாணயத்தைக் கையில் பிடித்து எத்தனை வருடமாச்சு? நம் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்ததுகூட இல்லை. கடைக் கணக்கை ஐந்து காசுக்குச் சரிப்படுத்தும் முறை 2008 ஏப்ரல் 1இல் வந்தது. அதோடு ஒரு காசு மெல்ல மெல்ல மறைந்து போனது. ஆனால் பட்டணத்துக் கடையில் தொங்கும் விலைச் சீட்டைப் பாருங்கள். இன்னும் 9 வெள்ளி 99 காசுதான்! இல்லாத ஒரு காசை இன்னும் நமக்குத் தள்ளுபடி செய்துகொண்டே இருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ரொக்கம் கொடுக்கும்போது மொத்தக் கணக்கைத்தான் சரிப்படுத்த வேண்டும். 12 வெள்ளி 42 காசு என்றால் 12.40. 12 வெள்ளி 43 காசு என்றால் 12.45. 47 காசு 45 ஆகும். 48 காசு 50 ஆகும். கூடுவதும் உண்டு, குறைவதும் உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக மேலே ஏற்றிவிட்டுப் பிறகு கூட்டினால் அது கணக்கல்ல. "ரெண்டு காசுக்கா சண்டை?" என்று கேட்பார்கள். நாளுக்கு நூறு பேரிடம் ரெண்டு காசு என்றால் அது யார் வீட்டுக் காசு?

சரி, காசுக் கதை கிடக்கட்டும். இந்த வாரம் நாம் பேச வந்தது காகிதத்தைப் பற்றி.

555 புத்தகத்தின் பெருமை

அந்தக் காலத்துத் தோட்டத்துக் கடையை மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கடன். சம்பளத்துக்குச் சம்பளம்தான் பைசல். கடன் எழுதுவது சின்ன 555 புத்தகத்தில். விவரமான குடும்பங்கள் ரெண்டு புத்தகம் வைத்திருந்தன. ஒன்று கடைக்காரரிடம், ஒன்று வீட்டில். சாமான் வாங்கும்போது ரெண்டிலும் எழுதச் சொல்வார்கள். சம்பள நாளன்று ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். "முதலாளி, என் புத்தகத்துல ஆறு கட்டி, உங்க புத்தகத்துல எட்டு கட்டியா?" என்று ஒரு பாட்டி கேட்டால், கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அடிப்பார் ஒரு கோடு.

அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கையில் ஒரு காகிதம் இல்லாமல் நியாயம் பேச முடியாது என்பது தெரிந்திருந்தது.

இன்று நம் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். கையில் காகிதம் மட்டும் இல்லை.

எல்லாம் போனுக்குள் போச்சு

சம்பளம் வங்கியில் விழுகிறது. சம்பளச் சீட்டு போனில் வருகிறது. மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், சேமநிதிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி எல்லாமே போனில்தான். போன் இல்லாதவன் ஆள் இல்லை என்று ஆகிவிட்டது.

சரி, போன் ஒன்று வாங்கிவிட்டோம், நிம்மதி என்று நினைத்தால் அதுவும் இல்லை. 3ஜி சேவையை 2021ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ போன்களில் இண்டர்நெட் வசதி போனது. அதற்கு முன் 2019இல் தொலைக்காட்சிக்கும் இதே கதி. பழைய ஏரியல் அலைவரிசையை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்தால்தான் படம் வரும். "நல்லாத்தானய்யா ஓடிச்சு, அத ஏன் நிறுத்துனாங்க?" என்று லயத்துத் திண்ணையில் பெரியவர்கள் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

செய்தியும் அப்படியே. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்று போனது. ஒரு பத்திரிகையைப் பத்து வீட்டுக்காரர்கள் மாற்றி மாற்றிப் படித்த காலம் போய், ஒரு வீட்டில் பத்துச் செய்தி வருகிறது. அதில் எட்டு யார் எழுதியது என்று தெரியாது. அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் வெள்ளி தருகிறதாம், இந்த நம்பரை அழுத்து என்று காலையில் ஒன்று. பெயரைப் பதியாவிட்டால் அடையாள அட்டை ரத்தாகுமாம் என்று மாலையில் ஒன்று. பத்திரிகைச் செய்தி தப்பாக இருந்தால் ஆசிரியரைக் கேட்கலாம். இதற்கு யாரைக் கேட்பது?

நாம் போனுக்கு விரோதியல்ல. வெளிக்காட்டில் குலை வெட்டும்போது அடிபட்டவனைக் காப்பாற்ற உடனே ஆள் கூப்பிட முடிகிறது என்றால் அது போனால்தான். நம் குறை வேறு. முன்பு கவுண்டருக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. கோபித்தாலும் அது மனித முகம். இப்போது "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று ஒரு குரல். அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்த பிறகு ஒரு பாட்டு. பாட்டு முடிந்தால் லைன் கட்.

ஒரு துணி துவைக்கும் மிஷினின் கதை

நம் அங்கத்தினர் ஒருவர், உரம் போடும் அம்மா. பட்டணத்துக் கடை ஒன்றில் 1,050 வெள்ளி ரொக்கம் கொடுத்துத் துணி துவைக்கும் மிஷின் வாங்கினார். பல மாதம் சேர்த்த காசு. மூன்றே மாதத்தில் மிஷின் சுற்றுவதை நிறுத்திவிட்டது. கடைக்குப் போனால், "அம்மா, விக்கிறது மட்டும்தான் எங்க வேல. கம்பெனிக்குப் போன் பண்ணுங்க." கம்பெனிக்குப் போன் செய்தால் மேலே சொன்ன பாட்டுதான். ஒருநாள் ஆள் வந்தான், திறந்து பார்த்தான், சாமான் இல்லை என்று போனான். அப்புறம் அவனையும் காணோம்.

லயத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "விடுக்கா, பெரிய கடைக்காரன்கிட்ட நாம என்ன பண்ண முடியும்? போனது போகட்டும்."

ஆனால் அந்த அம்மா ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கடையில் கொடுத்த ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்.

நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். கடைக்காரர் வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது உண்டு. "விக்கிறது மட்டும்தான் எங்க வேல" என்ற பேச்சு அங்கே எடுபடாது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்ததுதான் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே வழக்குப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி. ஆம், ஐந்தே வெள்ளி. வக்கீல் தேவையில்லை, ஒரு பக்கத்தாரும் வக்கீல் வைத்து வாதாட முடியாது. விஷயம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். முதலாம் பாரத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பாரத்தை நிரப்ப நாம் உதவினோம். விசாரணை நாளன்று அந்த அம்மாவே பேசினார். கடைத்தெரு மலாய்தான் பேசினார், தடுமாறித்தான் பேசினார். ஆனால் ரசீதை மேசைமேல் வைத்தபோது கடைக்காரருக்குப் பேச்சு குறைந்தது. அங்கேயே சமாதானமாகி, வேறு மிஷின் தருவதாக ஒப்புக்கொண்டு, அது உத்தரவாகவும் எழுதப்பட்டது. அந்த மன்றத்தின் உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. மிஷின் வந்தது.

ஒருநாள் சம்பளம்

இங்கே மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாரத்துக்கு 5 வெள்ளிதான். ஆனால் பாரம் கொடுக்க ஒருநாள், விசாரணைக்கு ஒருநாள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ரெண்டு நாள் போனால் 130 வெள்ளி 76 காசு. பஸ் காசு, பசியாறக் காசு தனி.

அதனால்தான் நம்மவர்கள் "போனது போகட்டும்" என்கிறார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு. 1,050 வெள்ளிப் பொருளுக்கு ரெண்டு நாள் சம்பளம் விடலாம். 100 வெள்ளி ரைஸ் குக்கருக்கு விட முடியுமா? ஏழைக்கு உரிமை இருக்கிறது. உரிமையிருக்கும் இடத்துக்குப் போய்வரத்தான் காசில்லை. இதை விற்பவர்களும் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நம் பதில், தனியாகப் போகாதீர்கள் என்பதுதான். ஒரே கடையில் ஏமாந்தவர்கள் ஒரே தோட்டத்தில் நாலு பேர் இருப்பார்கள். நாலு பேரும் ஒரே நாளில் போய்ப் பாரம் கொடுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை இருந்தால் வீட்டிலிருந்தே வழக்கைப் பதியவும் வழியுண்டு. அதில் ஒருநாள் மிச்சம். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் சந்தா வசூலிப்பதோடு நின்றுவிடாமல், பாரம் நிரப்பவும் கற்றுக்கொள்ள வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்து வருகிறது. 2019இல் மறைந்த அதன் தலைவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ் கடைசி வரைக்கும் விடாமல் கேட்டது சாதாரண மனிதனின் கேள்விகளைத்தான்.

மோட்டார் சைக்கிளும் சேமநிதியும்

தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கும் இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத் தவணை தவறியதும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தொடர்ந்து ரெண்டு தவணை தவறியிருக்க வேண்டும். அதன் பிறகும் 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பணம், அதாவது 75 விழுக்காடு கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொட முடியாது. ஆனால் எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? தவணை ரசீதுதான்.

சேமநிதியும் அப்படியே. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் நம்மிடம் பிடிப்பது 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி போட வேண்டியது 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக 408 வெள்ளி. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் அது நம் கணக்கில் சேர வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்ததாக இருக்கும். கணக்கில் விழுந்ததா என்று யார் பார்ப்பது? மாதம் ஒருமுறை பிள்ளையைப் போனில் பார்க்கச் சொல்லுங்கள். விழாத மாதத்தின் சம்பளச் சீட்டு கையில் இருந்தால்தான் சேமநிதி அலுவலகத்தில் பேச்சு எடுபடும்.

பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றோம், எடுக்கச் சொல்லவில்லை. 2024 மே மாதத்திலிருந்து சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. 50 வெள்ளி இருந்தாலே எந்த நேரத்திலும் எடுக்கலாம். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் ரகசிய எண் பிள்ளையிடம், போன் பிள்ளையிடம் என்றால், பணம் யாரிடம்? பெற்றவர்கள் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வங்கியிலிருந்தோ போலீசிலிருந்தோ பேசுகிறோம் என்று சொல்லி எண் கேட்பவனிடம் ஒரு எண்ணும் சொல்லாதீர்கள். சொல்லிப் பணம் போய்விட்டால், அழுவதற்கு முன் 997க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அப்புறம் போலீஸ் புகார், அதற்கும் ஒரு நகல்.

ஒரு டின் போதும்

பாட்டாளித் தோழர்களே! இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். காலியான பிஸ்கட் டின் ஒன்று போதும். ரசீது, உத்தரவாத அட்டை, தவணைச் சீட்டு, சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு எல்லாம் அதற்குள் போகட்டும். இப்போதைய ரசீதுக் காகிதத்தில் எழுத்து சில மாதத்தில் மங்கிப் போகிறது. வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அல்லது பத்துக் காசுக்கு நகல் எடுங்கள். போனில் வரும் சம்பளச் சீட்டையும் மாதாமாதம் சேமித்து வையுங்கள். கல்லாவில் நிற்கும் பெண் "ரசீது வேணுமா?" என்று கேட்டால், வெட்கப்படாமல் சொல்லுங்கள்: "வேணும்மா."

டின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். நாளைக்கு நாம் இல்லாவிட்டாலும், நம் கணக்கை அது பேசும்.