வீட்டுக் கண்காணிப்புக் கேமரா (இந்தியச் சட்டம்)

வீட்டுக் கண்காணிப்புக் கேமரா என்பது திருட்டு, அத்துமீறல் முதலியவற்றில் இருந்து வீட்டைக் காக்க அதன் உரிமையாளர் பொருத்தும் நிகழ்படப் பதிவுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது சி.சி.டி.வி. எனப்படுகிறது. வேலி, நடைபாதை, கழிவுநீர் தொடர்பான தகராறுகளில் அண்டை வீட்டை நோக்கித் திருப்பப்பட்ட கேமரா, ஒருவருக்குச் சான்றாகவும் மற்றவருக்குத் தொல்லையாகவும் அமைகின்றது.

சட்ட நிலை

தன் வீட்டில் கேமரா பொருத்த இந்தியாவில் பொதுவான தடை எதுவும் இல்லை. கேள்வி, அது எதைப் பார்க்கிறது என்பதே. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படம்பிடிப்பது தகவல் தொழினுட்பச் சட்டம், 2000இன் 66இ பிரிவின்படி குற்றம் ஆகும். 3 ஆண்டு வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். பெண்ணொருவர் தனிமையை எதிர்பார்க்கும் நிலையில் அவரது அந்தரங்கச் செயலை நோக்குவதும் பதிவதும் பாரதிய நியாய சன்கிதாவின் 77ஆம் பிரிவில் அடங்கும் (2024 சூலை 1க்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டம், 354சி). கொல்லைப்புறத்தில் ஓலை மறைப்புக்குள் குளிக்கும் பெண்ணைப் பதிவு செய்யும் கேமரா இதற்கு எடுத்துக்காட்டு.

ஆனால் முற்றத்தையோ வாசற்படியையோ மட்டும் காட்டும் கேமரா இவ்விரு பிரிவுகளிலும் பொதுவாக அகப்படாது. பெரும்பாலான தகராறுகள் இந்த இடைவெளியிலேயே எழுகின்றன. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கூட, தனிநபர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. பொதுத் தெருவையும் பதிவு செய்யும் வீட்டுக் கேமராவை முற்றிலும் வீட்டுத் தேவைக்கானதாகக் கொள்ள முடியாது என அதன் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

சாளரத்தில் இருந்து கேமரா வரை

இச்சிக்கல் கேமராவுக்கு மூத்தது. அண்டை வீட்டார் புதிதாகத் திறந்த சாளரம் தம் அந்தரங்கத்தைக் கெடுக்கிறது எனப் பலர் வழக்குத் தொடுத்துள்ளனர். சென்னை உயர் நீதிமன்றம் 1860களிலேயே இதற்கு நிவாரணம் இல்லை என்றது. மாறாக, அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888இல், பர்தா வழக்கம் உள்ள பகுதியில் அவ்வுரிமை உண்டு என ஏற்றது. அனுபோக உரிமைச் சட்டம், 1882இன் 18ஆம் பிரிவும் வழக்காற்றின் வழியே இதற்கு இடமளிக்கிறது.

2017 ஆகத்து 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. இவ்வுரிமையை அரசல்லாத தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என 2023 சனவரியில் மற்றோர் ஆயம் பெரும்பான்மையாகக் கூறியது. அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றம், பாதுகாப்பு என்னும் பெயரில் அடுத்த வீட்டை வேவு பார்க்க இயலாது என்று குறிப்பிட்டது. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வாழ்ந்த சகோதரர்களின் வழக்கில், உடன் வசிப்பவர் இசைவின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்குவது அந்தரங்க மீறல் என உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் இதில் தலையிட மறுத்தது.

சான்று மதிப்பு

பதிவின் படியை நீதிமன்றத்தில் முன்வைக்க, பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. கோப்பின் ஆஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். கோப்பில் ஒரு பிட்டு மாறினாலும் இம்மதிப்பு மாறிவிடும். வன்வட்டு நிரம்பியதும் பதிவுக்கருவி பழையவற்றின் மேல் எழுதிவிடும் என்பதால், நிகழ்வு நடந்த சில நாட்களுக்குள் படியெடுப்பது இன்றியமையாதது.

தீர்வுகள்

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரச் சிற்றூரான கட்டுமாவடியில் இத்தகைய தகராறு எழுந்தால், முதலில் கேமராவின் கோணத்தை மாற்றவோ, பெரும்பாலான கருவிகளில் உள்ள மறைப்புப் பட்டை வசதியால் அண்டை வீட்டுப் பகுதியைக் கறுப்பாக்கவோ கேட்கலாம். இது செலவற்ற வழி. குற்றச் செயல் எனில் காவல் நிலையத்தில் முறையிட்டு மனு ரசீது பெற வேண்டும். மற்றபடி, குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1963இன் 38, 39ஆம் பிரிவுகளின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கோரலாம். பெண்கள், வருமான வரம்பின்றி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். அடுத்தவரின் கேமராவை உடைப்பதோ கம்பியை அறுப்பதோ தனிக் குற்றம் ஆகும். அச்செயலையும் அக்கேமராவே பதிவு செய்திருக்கும்.