தாயிடம் மட்டும் கேட்கப்படும் அறிக்கை

ஒரு பெண் எங்கே சென்று என்ன தொழில் செய்யலாம் என்பதை வீட்டார் தீர்மானிப்பது எமது சமூகத்தில் புதிதல்ல. அதையே அரசாங்கம் ஒரு படிவத்தின் மூலம் செய்தபோது என்ன நடந்தது என்பதைக் கிழக்கிலும் மலையகத்திலும் பல குடும்பங்கள் நன்கு அறியும். குடும்பப் பின்னணி அறிக்கை என்பது அதன் பெயர்.

2013 ஜனவரி 9ஆம் திகதி மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்குக்குச் சவூதி அரேபியாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பெண்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. அவ்வாண்டிலேயே, வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி செல்ல ஆகக்குறைந்த வயது 25 ஆக்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் செல்ல முடியாது என்றானது. பிள்ளைகள் அதைவிட மூத்தவர்களாயின், அவர்களை யார் பராமரிப்பார் என்று காட்டிக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என ஏறி இறங்கி அறிக்கை பெற வேண்டும்.

ரிசானா 2005இல் சென்றபோது 17 வயதுச் சிறுமி. கடவுச்சீட்டில் பிறந்த திகதி மாற்றப்பட்டிருந்தது. வயதை மாற்றத் தெரிந்த முகவருக்கு 21 என்றாலும் 25 என்றாலும் ஒன்றுதான். பிடி இறுக வேண்டியது முகவர்கள் மீது. இறுகியதோ தாய்மார் மீது!

"அவர் விட்டுட்டுப் போய் நாலு வருஷம். கையெழுத்தை நான் எங்க போய் எடுக்கிறது, மிஸ்?" என்று பிரதேச செயலகத்தில் கேட்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். இரண்டு புதன்கிழமைகள் கூலி வேலையை விட்டு வந்தவர், மூன்றாம் புதன் வரவில்லை. சுற்றுலா விசாவில் அனுப்ப ஓர் ஏஜென்சிக்காரர் கிடைத்துவிட்டாராம். இப்படிச் செல்பவருக்குப் பணியகப் பதிவும் இல்லை, அதனோடு வரும் காப்புறுதியும் இல்லை. சுற்றுலா விசாவில் சென்ற எமது பெண்கள் ஓமானில் பட்ட அவலம் 2022 நவம்பரில் நாடறிந்த செய்தியாயிற்று.

தாய் இல்லாத வீட்டில் பிள்ளைகள் பாதிக்கப்படுவதில்லை என்று நான் கூறவில்லை. பள்ளியை விட்ட பிள்ளைகளையும், அறுபது வயதுக்குப் பிறகு மூன்று பேரப்பிள்ளைகளைச் சுமக்கும் அம்மம்மாக்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் கைக்குழந்தையை விட்டுக் கட்டாருக்கு மேசன் வேலைக்குச் செல்லும் தந்தையிடம் எவரும் இந்த அறிக்கையைக் கேட்பதில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 14ஆம் உறுப்புரை சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரத்தைத் தருகிறது. பெண்களினதும் பிள்ளைகளினதும் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்யவும் அதே 12ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. முன்னேற்றம் என்பது கிராமத்தில் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையம் அமைப்பதா, தாயின் பயணத்தை மறிப்பதா? மறிப்பது செலவில்லாத வழி. அதனால்தான் அது முதலில் வந்தது என்பது என் எண்ணம்.

2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தது. ஜூன் மாதம் அமைச்சரவை எல்லா நாடுகளுக்கும் வயதெல்லையை 21 ஆகக் குறைத்தது. பிள்ளையின் வயதெல்லையும் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு 2013இல் தேவைப்பட்ட தாய் 2022இல் தேவைப்படாமற் போனாளா? பூட்டியபோதும் திறந்தபோதும் அவளிடம் எவரும் கேட்கவில்லை.

செல்ல எண்ணியுள்ள சகோதரிகள், முகவருக்குப் பணம் கொடுக்குமுன் அவரது அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்பதைப் பிரதேச செயலகத்திலோ, பணியகத்தின் 1989 என்ற இலக்கத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டினதும் ஒப்பந்தத்தினதும் பிரதிகளை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். "போன பிறகு வேலை விசாவாக மாற்றலாம்" என்று கூறும் முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம்.