அனைவருக்குமான செய்தி

பண்டைத் தமிழகத்தில் அரசின் அறிவிப்புகள் முரசறைந்து தெரிவிக்கப்பட்டன. புகார் நகரில் இந்திரவிழா நடைபெறவிருப்பதை யானையின் பிடரியில் முரசேற்றி அறிவித்ததை மணிமேகலையின் விழாவறை காதை கூறுகிறது. முரசறைபவர் ஒருமுறை சொன்னால் தெருவிலுள்ளோர் பலருக்கும் கேட்கும். ஆயினும், யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்பதை அவர் அறியார். ஓலை கொண்டு செல்லும் தூதரோ அதனை உரியவரிடம் சேர்த்து மறுமொழி பெற்றுத் திரும்புவார். இவ்விரு முறைகளும் இன்றைய கம்பியில்லா வலையமைப்பிலும் உள்ளன. அவற்றுக்கிடையேயான வேறுபாடும் அவ்வாறே நீடிக்கிறது.

மூவகைப் பொதிகள்

கணினிகளும் திறன்பேசிகளும் பரிமாறிக்கொள்ளும் தரவு, சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒரு கருவிக்கு மட்டும் உரியது 'யூனிகாஸ்ட்' எனப்படும் தனிப்பொதி. வலையமைப்பிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் உரியது 'பிராட்காஸ்ட்' எனப்படும் பொதுப்பொதி. குறிப்பிட்ட குழுவில் இணைந்த கருவிகளுக்கு மட்டும் உரியது 'மல்டிகாஸ்ட்' எனப்படும் குழுப்பொதி. "இந்த இணைய முகவரிக்கு உரிய கருவி எது?" என்று ஒரு கணினி கேட்கும் வினா பொதுப்பொதியாகச் செல்கிறது. ஒரே நேரலைக் காட்சியைப் பலருக்கு ஒருசேர வழங்கக் குழுப்பொதி பயன்படுகிறது.

தெரிந்து தெளிவோம்
வைஃபைக் கருவி ஒவ்வொன்றுக்கும் 48 பிட் நீளமுள்ள வன்பொருள் முகவரி உண்டு. பொதியில் குறிக்கப்படும் பெறுநர் முகவரியின் முதல் பைட்டில், மதிப்பில் மிகச் சிறிய பிட் 0 எனில் அது தனிப்பொதி. 1 எனில் பலருக்கு உரியது. 48 பிட்டுகளும் 1 எனில் அது பொதுப்பொதி.

ஒப்புகை இல்லாத பயணம்

வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலையை ஐஇஇஇ எனும் பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு 1997-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன்படி, தனிப்பொதியைப் பிழையின்றிப் பெற்ற கருவி உடனே ஒரு சிறு ஒப்புகையை அனுப்புகிறது. ஒப்புகை வாராவிடில் அனுப்பியவர் சற்றுக் காத்திருந்து பொதியை மீண்டும் அனுப்புகிறார். வானொலி அலைகளுக்கு இரைச்சலும் இடையூறும் இயல்பு. அவற்றினூடே செய்தி தவறாது சென்றடையக் காரணம் இவ்வொப்புகையே.

கருவிகளை வலையமைப்போடு இணைக்கும் அணுகுமுனை, ஒரு பொதுப்பொதியை நாற்பது கருவிகளுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். நாற்பதும் ஒரே நேரத்தில் ஒப்புகை அளித்தால் அவை ஒன்றோடொன்று மோதிச் சிதையும். ஆகவே, பொதுப்பொதிக்கும் குழுப்பொதிக்கும் ஒப்புகை கேட்கப்படுவதில்லை. ஒப்புகை இன்மையால் மறு அனுப்புகையும் இல்லை. இழந்த பொதி இழந்ததே. அவ்விழப்பை அனுப்பியவரும் அறிவதில்லை.

வேகமும் உறக்கமும்

தனிப்பொதியை அனுப்பும்போது, பெறுநரின் தொலைவுக்கும் அலையின் தரத்துக்கும் ஏற்ற வேகத்தை அணுகுமுனை தேர்ந்தெடுக்கிறது. பொதுப்பொதி தொலைவிலுள்ள கருவிக்கும் எட்ட வேண்டியிருப்பதால், அதனை எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் குறைந்த வேகத்தில் அனுப்புவதே பொது வழக்கம். 1500 பைட் அளவுள்ள பொதியில் 12,000 பிட்டுகள் உள்ளன. நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அதற்கு ஏறத்தாழ 0.22 மில்லிநொடி ஆகும். 6 மெகாபிட் வேகத்தில் 2 மில்லிநொடி ஆகும். அந்நேரம் முழுவதும் அதே அலைவரிசையில் பிற கருவிகள் காத்திருக்க நேர்கிறது.

மின்கலத்தைச் சேமிக்கத் திறன்பேசிகள் அவ்வப்போது உறங்குகின்றன. தன்னோடு இணைந்தவற்றுள் ஒன்று உறங்கினாலும், அணுகுமுனை பொதுப்பொதிகளையும் குழுப்பொதிகளையும் தேக்கிவைக்கிறது. அது நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவிப்புச் சைகை வெளியிடும். அவற்றுள் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் சைகையை அடுத்துத் தேக்கிய பொதிகள் ஒருங்கே அனுப்பப்படும். உறங்கும் கருவிகள் அந்நேரத்தில் விழித்து அவற்றைப் பெறுகின்றன. எனவே, நேரலைக் காட்சியில் தாமதம் உண்டாகிறது.

தீர்வுகள்

இக்குறைகளைக் களையப் பல வழிகள் உள்ளன. முதலாவது, தேவையற்ற பொதுப்பொதியைத் தவிர்த்தல். கருவிகளின் முகவரிகளை நினைவிற்கொண்ட அணுகுமுனை, முகவரி வினாவுக்குத் தானே விடையளித்துவிடலாம். ஒரு குழுவில் எவரும் இணையாதபோது, அக்குழுவின் பொதிகளை அது காற்றில் விடாமலே நிறுத்தலாம்.

இரண்டாவது, குழுப்பொதியைப் பல தனிப்பொதிகளாகப் படியெடுத்து அனுப்புதல். மேற்கண்ட வேகங்களில் ஐவருக்குத் தனித்தனியே அனுப்ப 1.1 மில்லிநொடி போதும். இது குழுப்பொதிக்கு ஆகும் 2 மில்லிநொடியினும் குறைவு. நாற்பதின்மருக்கோ ஏறத்தாழ 8.9 மில்லிநொடி ஆகும். ஒப்புகைக்கும் காத்திருப்புக்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் படிகளின் செலவு மேலும் கூடும். எனவே, பெறுவோர் சிலராயின் படியெடுத்தல் நன்று; பலராயின் குழுப்பொதியே சிக்கனம்.

மூன்றாவது, ஒரே பொதியைப் பன்முறை அனுப்புதல். முரசறைபவர் தெருத்தோறும் நின்று அறிவித்ததை இது ஒத்தது. 2012-இல் வெளிவந்த 802.11ஏஏ எனும் திருத்தம் குழுப்பொதிகளுக்கு இவ்வசதியை வழங்கியது.

உயிர் காக்கும் அறிவிப்பு

அலைபேசிக் கோபுரங்கள் வழியே பேரிடர் எச்சரிக்கை விடுக்கும் 'செல் பிராட்காஸ்ட்' முறையும் இவ்வடிப்படையில் அமைந்ததே. புயலோ வெள்ளமோ நெருங்கும்போது இலட்சக்கணக்கானோருக்குத் தனித்தனியே குறுஞ்செய்தி அனுப்பினால் வலையமைப்பு திணறும். பொது அறிவிப்பாயின், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள கருவிகள் அனைத்தும் ஒரே அனுப்புகையில் அதனைப் பெறலாம். ஒப்புகை இல்லாமையால் அவ்வறிவிப்பு குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பப்படுகிறது. முன்பே பெற்ற கருவி அதன் வரிசை எண்ணைக் கண்டு ஒதுக்கிவிடுகிறது. அப்போதுதான் இயக்கப்பட்ட கருவி பெற்றுக்கொள்கிறது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு பல மாநிலங்களில் இவ்வகைச் சோதனை எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன.

அனைவருக்கும் ஒருசேரச் சொல்வது எளிது. அனைவரும் பெற்றதை உறுதி செய்வது அரிது. கேளாதவர் ஒருவரேனும் இருப்பார் எனக் கருதி, அவருக்காக மீண்டும் சொல்வதே பொது அறிவிப்பின் கடமையாகும்.